இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

"சிஸ்டர், அத்தைக்கு இடுப்புல சின்னதா ஒரு புண்ணு. மருந்து வெச்சுக் கட்டி விட்டீங்கன்னா கெளம்பிடுவோம்" என்று சொல்லிக்கொண்டுதான் அந்த மருமகள் வந்தார். ஸ்ட்ரெச்சரில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு வாரத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து எங்கள் வார்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போனவர். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒட்டிப்போயிருந்த துணியைச் சலைன் விட்டு நனைத்து மெல்ல எடுத்தேன். வால் எலும்புக்கு மேலே என் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. படுக்கைப் புண்.

"ஏம்மா, திருப்பியே போடலையா? இப்படி விட்டு வெச்சிருக்கீங்களே!"

சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "திருப்பிப் போடணும்னு யாருமே சொல்லலையே சிஸ்டர். வலிக்குமேன்னு நான் அசைக்கவே பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து ஓ.பி.க்கு வரச் சொல்லி ஒரு வரி. படுக்கையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மாத்திரைக் கவரில் காலை, இரவு என்று குறித்துக் கொடுத்து அனுப்பியது எங்கள் வார்டு. அன்றைய டியூட்டி யாருடையது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.

அந்தப் பத்து நாளும் நாங்கள் யாரும் அந்த அம்மாவிடம் முகம் சுளித்ததில்லை. "சாப்டீங்களாம்மா" என்று கேட்காமல் கடந்ததில்லை. ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும், செவிலியர் தினத்தில், செவிலியரின் கனிவைப் பற்றி மேடையில் பேசும்போது எனக்கு அந்தக் குழிதான் கண்ணுக்குள் வருகிறது. எங்கள் அன்பு அவர் முதுகுக்குப் போய்ச் சேரவில்லை. கனிவு எங்கள் கையில் இருந்தது, அதை அந்த மருமகளின் கைக்கு மாற்றிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம். படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நாம் தூங்கும்போது நமக்கே தெரியாமல் பலமுறை புரண்டு படுக்கிறோம். ஒரே இடம் அழுந்தினால் உடம்பு தானாக நகர்ந்துவிடும். பக்கவாதத்திலும் தண்டுவட அடியிலும் அந்த நகர்வு போய்விடுகிறது, பல பேருக்கு உணர்ச்சியும் போய்விடுகிறது. உள்ளிருந்து எலும்பு அழுத்த, வெளியிலிருந்து படுக்கை அழுத்த, நடுவில் மாட்டிய சதைக்கு ரத்தம் போகாது. சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குகிறது. தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் மேலே காசு அளவு தெரியும் புண்ணுக்குள் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது.

மல்லாந்து படுப்பவருக்குப் புண் வரும் இடங்கள் வால் எலும்பு, குதிகால், பின்னந்தலை, முழங்கை. ஒருக்களித்தால் இடுப்பு எலும்பு, கணுக்கால், காது மடல். ஆக்ஸிஜன் டியூப் உரசும் காதின் பின்பக்கத்தையும், மூக்கு வழி உணவு டியூப் ஒட்டியிருக்கும் மூக்கு ஓரத்தையும் பல பேர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் அறிகுறி சிவப்பு என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் முதல் நிலை. வெள்ளைத் தோலில் இது சுலபமாகத் தெரியும். நம் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாக, அல்லது குளிர்ந்து, இறுகிப்போய், அல்லது கொழகொழவென்று இருந்தாலும், நிறம் ஊதா கலந்து கறுத்திருந்தாலும் அந்தப் பக்கம் இனிப் படுக்க வைக்கக் கூடாது. தினமும் உடம்பு துடைக்கும்போது நல்ல வெளிச்சத்தில் இதைப் பார்த்துவிட வேண்டும்.

திருப்பிப் போடுவது பலத்தைவிடப் பழக்கத்தைப் பொறுத்தது. இடது, மல்லாந்து, வலது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முழுசாக ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு எலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே குறுக்காக விரித்த போர்வையின் இரு ஓரத்தையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். படுக்கையில் இழுக்கக் கூடாது, தோலும் உள்சதையும் ஒன்றோடொன்று உரசி வழன்றுவிடும். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். தலைமாட்டை உயர்த்தியே வைத்தால் உடம்பு கீழே சறுக்கி வால் எலும்பில் அழுந்தும். ஆனால் டியூப் வழியாகவோ வாய் வழியாகவோ ஆகாரம் கொடுக்கும்போதும், கொடுத்த பின் அரை மணி, ஒரு மணி நேரமும் தலை உயர்ந்துதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அன்பினால் செய்யும் சில காரியங்கள் கெடுதலாக முடிகின்றன. கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டுக் குதிகாலுக்கு அடியில் வைப்பதை எல்லா வார்டிலும் பார்க்கலாம், நானே நிறைய வைத்திருக்கிறேன். அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் குறைவதில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவதுதான் சரி. நடுவில் ஓட்டையிட்ட வளையக் குஷனும் அப்படித்தான், ஓரத்தில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துவிடுவது, உள்ளே ஏற்கெனவே நைந்த சதையை மேலும் நையச் செய்யும். முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடச் சொல்லித்தான் எங்களுக்கும் கற்றுத்தந்தார்கள். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும், அதை நாங்கள் விட்டுவிட்டோம், நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஈரம் இன்னொரு எதிரி. டயாபர் நிறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றியெடுத்து, லேசாக வாஸ்லின் தடவினால் போதும்.

சாப்பாட்டில்தான் நான் அதிகம் சண்டை போடுகிறேன். பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும், முட்டை கொடுத்தால் புண் ஆறாது என்று சொல்லி, புண் வந்தவருக்கு வெறும் கஞ்சித் தண்ணியைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சதை வளரப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, தயிர், மீன் எல்லாம் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

1859-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியது நினைவுக்கு வருகிறது: நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பொதுவாக நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்றார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதிய புத்தகம் அது. கற்றுக்கொடுப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான் என்பதால் அந்த வரி என்னையே குத்துகிறது. ஆனாலும், உயிர் அடங்கும் நாட்களில், எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குத் தோல் விட்டுவிடும். பெற்றவரை அப்படிப் பறிகொடுத்த பிள்ளைகள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நைட் டியூட்டியில் நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தியாக நின்ற இரவுகள் எத்தனையோ. அதில் பத்துப் பேர் அசைய முடியாதவர்கள் என்றால், இரண்டு மணிக்கு ஒரு தடவை என்பது ஏட்டில் மட்டும்தான் இருக்கும். இரக்கம் தீர்ந்துபோனதால் நடப்பதில்லை இது. ஊசி நேரமும் புது அட்மிஷனும் சேர்ந்து வரும்போது, பேசாமல் கிடப்பவர்தான் முதலில் விடுபட்டுப்போகிறார். செவிலியர் பணியிடங்களை நிரப்பக் கேட்டு நாங்கள் குரல் கொடுக்கும்போது, உங்கள் வீட்டுப் பெரியவரின் முதுகுக்காகவும்தான் கேட்கிறோம்.

பேச்சில்லாமல் கிடப்பவரைத் தொடும் முன்பு சொல்லிவிட்டுத் தொடுங்கள். "அம்மா, வலது பக்கமா திருப்பப் போறேன்" என்று ஒரு வார்த்தை. பதில் வராது, ஆனால் இறுகிய தோள் தளர்வதை என் கை உணர்ந்திருக்கிறது. திரை இல்லாத வார்டில் பெண்களுக்கு உடம்பு துடைக்க நேர்ந்தால் இரண்டு கட்டில் கம்பிக்கு நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொள்வோம். மானத்துக்கு வாய் பேச வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வார்டில் படுக்கை நோயாளி யாரையும் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. கூட இருப்பவர் எங்கள் கண் முன்னால் மூன்று தடவை திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்யச் சொன்னால்தான் தெரியும். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளவும் சொல்லி அனுப்புகிறோம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வரும். புண்ணில் நாற்றம், காய்ச்சல், கறுத்த தோல், எலும்பு தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே கூட்டி வாருங்கள்.

அந்த அம்மாவை அட்மிட் செய்து, கறுத்த சதையை டாக்டர் வெட்டி எடுத்தார். நான் அந்த மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சிஸ்டர், இப்போ சொல்லிக் குடுங்க" என்றார். இரண்டே நாளில் என்னைவிடச் சுத்தமாகத் தலையணை கொடுத்தார்.

மாதக் கணக்கில் டிரெஸ்ஸிங்குக்கு வந்து போனார்கள். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார். பேரன் கோடு போட்டு எழுதியிருந்தான்: 10 வலது, 12 இடது, 2 நேரா. ராத்திரிக் கட்டங்கள் எல்லாவற்றிலும் மருமகளின் பெயர் மட்டும். இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"அன்னிக்கு அசந்து தூங்கிட்டேன் சிஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அழுத்தத்தைப் பரவலாக்கும் ஏர் பெட் இருக்கிறதா என்று கேட்டேன், வாங்கிவிட்டோம் என்றார். தோலை மறுபடி தொட்டுப் பார்த்தேன், வேறெங்கும் நிறம் மாறவில்லை. "அப்போ ராத்திரில நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும்மா, காலைல மட்டும் தோலைப் பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் கணவரை உள்ளே கூப்பிட்டேன். "வாங்க தம்பி, போர்வையோட இந்த ஓரத்தைப் பிடிங்க. ரெண்டு மணிக் கட்டம் இனிமே உங்களுது."