குண்டுப் பூனை சாப்பிடாமல் இருந்தால் நாள் கடத்தாதீர்கள்

"உடம்பில்தான் இவ்வளவு கொழுப்பு இருக்கிறதே, ரெண்டு நாள் சாப்பிடாவிட்டால் என்ன ஆகிவிடும்?" குண்டுப் பூனை வளர்க்கும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் பூனையின் உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் சேர்த்துவைத்த அந்தக் கொழுப்பே ஒரு சில நாட்களில் அதன் கல்லீரலை அடைத்துவிடும். ஹெபாட்டிக் லிபிடோசிஸ் என்று இதற்குப் பெயர். பூனைகளுக்கு வரும் கல்லீரல் நோய்களில் மிக அதிகமாகப் பார்க்கப்படுபவற்றில் இது ஒன்று.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாப்பாடு நின்றதும் தோலுக்கடியிலும் வயிற்றிலும் இருக்கும் கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரலால் அதை இரண்டு வழியில் தீர்க்க முடியும். ஒன்று, எரித்துச் சக்தியாக்குவது. இன்னொன்று, புரதத்தோடு சேர்த்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புவது. எரிப்பதற்குக் கார்னிடின் போன்ற பொருட்கள் வேண்டும், பொட்டலம் கட்டப் புரதம் வேண்டும். பூனையோ சாப்பிடவே இல்லை. களத்துமேட்டில் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, கட்டுவதற்குச் சாக்கு இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி. கொழுப்பு அங்கேயே, கல்லீரல் செல்களுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்குகிறது. குண்டாக இருக்கும் பூனைக்கு இறங்கும் சரக்கும் அதிகம், அதனால்தான் ஆபத்தும் அதிகம். நோய் முற்றும்போது 80 சதவீதத்துக்கும் மேலான கல்லீரல் செல்கள் கொழுப்பால் வீங்கி நிற்கும். வீங்கிய செல்கள் பித்தம் போகும் மெல்லிய வழிகளை நெருக்கும்போது மஞ்சள் காமாலை வருகிறது. கல்லீரல் கெட்டால் குமட்டல் வரும், குமட்டினால் பூனை இன்னும் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் இன்னும் கொழுப்பு வந்து இறங்கும்.

சரி, நாய்க்கு இப்படி எளிதில் ஆவதில்லையே, பூனைக்கு மட்டும் ஏன்? பூனை இறைச்சியை மட்டுமே நம்பி உருவான பிராணி. எப்போதும் புரதத்தையே எரித்துப் பழகிய உடம்பு அது, சாப்பாடு குறைந்தாலும் அந்த எரிப்பைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. புரதம் எரியும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும், அதைத் தானாகப் போதிய அளவு தயாரிக்கப் பூனையால் முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மோரிஸ், ரோஜர்ஸ் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பட்டினி போட்ட பூனைக்கு ஆர்ஜினின் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தாலே சில மணி நேரத்தில் அம்மோனியா ஏறி அது சுருண்டுவிடுகிறது. எனக்கு இதைப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. ஒரு வேளை உணவில் ஒரு பொருள் இல்லாததற்கே இந்தப் பாடு என்றால், நாலைந்து நாள் வெறும் வயிறு என்ன செய்யும்!

பூனை சாப்பிடாமல் போகப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. பல்வலி, கணைய அழற்சி, சர்க்கரை நோய், வீட்டுக்கு வந்த புதுப் பூனை, எதுவும் காரணமாகலாம். நாங்கள் வீடு மாறியபோது எங்கள் பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் கிண்ணத்துப் பக்கமே வரவில்லை, "புது இடம், பழகிவிடும்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். பழகியது, எங்கள் நல்ல நேரம்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது வேறு ஒன்று. பூனை குண்டாகிவிட்டது, இளைக்க வைக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு ஒரே நாளில் பழைய தீனியை எடுத்துவிட்டுப் புது டயட் தீனியை வைக்கிறார்கள், "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று காத்திருக்கிறார்கள். பூனை பிடிவாதமாகப் பட்டினி கிடக்கும். இளைக்க வைக்கத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் அளவில் குறைந்தால் போதும், 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம். நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் இந்த 60 கிராம் தெரியாது, குழந்தைகளை எடை போடும் தராசு இருந்தால் நல்லது. தீனியை மாற்றுவதானால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைத் தொடவில்லையா, பழையதையே கொடுத்துவிடுங்கள். அதன் வயிற்றில் ஏதாவது போவதுதான் அன்றைக்கு முக்கியம்.

அப்புறம், கிண்ணம் நிறையக் கொட்டி வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டால் நல்லது. எவ்வளவு போட்டோம், எவ்வளவு மீந்தது என்று கிராம் கணக்கில் தெரிந்தால்தான் பசி குறைவது முதல் நாளே கண்ணில் படும். இரண்டு மூன்று பூனைகள் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு கிண்ணம், முடிந்தால் தனித்தனி இடம். ஒன்று சாப்பிடாததை இன்னொன்று தின்று தீர்த்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பால் குடித்ததே என்று திருப்திப்படாதீர்கள், கொஞ்சம் பாலில் அதற்குத் தேவையான புரதமும் இல்லை, சக்தியும் இல்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பேதிதான் ஆகும். ஈர உணவை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கொடுத்தால் வாசனை எழும்பும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியோ மீனோ சில சமயம் உதவும்.

24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால், அல்லது இரண்டு மூன்று நாளாகப் பாதிதான் சாப்பிடுகிறது என்றால், கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காதின் உட்புறம், ஈறு, மேல் அண்ணம் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். வாயைப் பிடித்துச் சிரிஞ்சால் திணிக்காதீர்கள், உணவு மூச்சுக்குழாயில் போகலாம், குமட்டலோடு சேர்த்துத் திணித்த உணவைப் பூனை பிறகு வெறுத்தே விடும். பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கூடாது, அது பூனையைக் கொல்லும்.

நோய் வந்தே விட்டாலும் முக்கியமான மருந்து சாப்பாடுதான். குமட்டலுக்கு மருந்து கொடுத்து, மூக்கு வழியாகவோ கழுத்துப் பக்கத்தில் சின்னத் துளையிட்டு உணவுக்குழாய்க்குள்ளோ ட்யூப் வைப்பார்கள். முதல் நாளே முழு அளவு கொடுக்க மாட்டார்கள், பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்துவிடும், அதனால் தேவையில் கால் பங்கில் தொடங்கிச் சில நாட்களில் ஏற்றுவார்கள். கழுத்தில் ட்யூபைப் பார்த்துப் பயந்து "வேண்டாம், அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கட்டுப் போட்ட கழுத்தோடு பூனை வீட்டில் நடக்கும், தூங்கும், மடியில் ஏறும். பெரும்பாலும் 3 முதல் 6 வாரம், வீட்டிலேயே நீங்கள் அரைத்த உணவை ட்யூபில் செலுத்த வேண்டியிருக்கும். சீக்கிரமே ஆரம்பித்து இடைவிடாமல் ஊட்டினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. ட்யூப் இருக்கும்போதே தினமும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் உணவை முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முகர்ந்துவிட்டுப் போகும், இன்னொரு நாள் நக்கிப் பார்க்கும். தானாகவே போதிய அளவு சாப்பிட்டு எடையும் குறையாமல் சில நாள் போன பிறகுதான் மருத்துவர் ட்யூபை எடுப்பார்.