சமூக மென்பொருள்

பலர் சேர்ந்து உரையாடவும், ஒரே பிரதியில் எழுதவும், ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துத் திருத்தவும் இடம்தரும் மென்பொருளே சமூக மென்பொருள். வட்ஸ்அப் குழு, பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கமான விக்கி, இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் மூடிலில் உள்ள கலந்துரையாடல் பகுதி எல்லாம் இதற்குள் வரும்.

இதற்கு முன்னோடிச் சொல் 'குரூப்வெயார்', அதாவது குழுவாக வேலைசெய்ய உதவும் மென்பொருள். பீற்றர், ட்ரூடி ஜோன்சன்-லென்ஸ் தம்பதியர் 1978இல் உருவாக்கியது. அது நாளடைவில் அலுவலகப் பயன்பாட்டோடு ஒட்டிக்கொண்டது. 'சோஷல் சொப்ட்வெயார்' என்று 1987இல் அமெரிக்கப் பொறியியலாளர் எரிக் ட்ரெக்ஸ்லர் எழுதினார். 2002 அளவில் அதைப் பரவலாக்கியவர் இணையம் பற்றி எழுதும் கிளே ஷேர்க்கி. மூடிலின் முதற் பதிப்பும் அதே 2002இல்தான் வந்தது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பழகிய பெயர்.

தமிழுக்கு வருவோம். 'மென்பொருள்' நிலைத்துவிட்டது, அதில் பேச ஒன்றுமில்லை. 'சமூகம்' அப்படியல்ல. திரள், கூட்டம் என்று பொருள்தரும் 'சமூஹ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் எங்கள் பாடசாலைக் கடிதங்களில் "பெற்றோர் தவறாது சமூகமளிக்கவும்" என்று வருகிறதே, அதன் வேர் வேறு. அது 'சம்முக', அதாவது நேர்முகம், முன்னிலை. முறைப்படி 'சமுகம்' என்று குறிலாக எழுதவேண்டும். வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இணையவழிப் படிப்பைப் பொறுத்தவரை எனக்கு இந்தக் கலப்பு பிடித்திருக்கிறது. கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் 2000இல் இணையவழிக் கற்றலுக்குக் கற்பித்தல் இருப்பு, அறிதல் இருப்பு, சமூக இருப்பு என மூன்றைச் சொன்னார்கள். மூன்றாவது, மறுபக்கத்தில் இருப்பவர் உண்மையான ஆள் என்று உணரவைப்பது. திரளும் வேண்டும், முகமும் வேண்டும்.

குழு தொடங்கினால் மட்டும் இந்தச் சமூக இருப்பு வராது. "வணக்கம் சேர்", "நன்றி மிஸ்" என்று நாற்பது பேர் வரிசையாகப் போட்டாலும் ஒருவரை ஒருவர் அறிந்ததாகாது. ஒரு புவியியல் பாடநெறியில் "வெள்ளம் வந்தால் உங்கள் பக்கம் எந்த வீதி முதலில் மூடப்படும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை கிரான் பாலத்தைச் சொல்லும். கல்முனைப் பக்கத்துப் பிள்ளை கிட்டங்கி வீதியைப் படத்தோடு போடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் அங்கே தேங்குகிறது என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு போகும். அப்புறம் அதையெல்லாம் ஒரு விக்கிப் பக்கத்தில் சேர்ந்து எழுதச் சொன்னால், ஒருவர் விட்ட பிழையை இன்னொருவர் திருத்துவார். ஆசிரியர் கேள்வியைப் போட்டுவிட்டு மறைந்துவிடக் கூடாது. பெயர் சொல்லிப் பதில் எழுதவேண்டும். டேட்டா குறைவான பிள்ளைக்கு எழுத்தும் சிறிய குரல் பதிவும் போதும், காணொளி கேட்டு வதைக்கத் தேவையில்லை.

இப்படி உருவாகும் கூட்டத்தையும் 'சமூகம்' என்றே சொன்னால், ஊர்ச் சமூகமா வகுப்பா என்று குழப்பம் வரும். 'கற்போர் குழாம்' என்பது என் தெரிவு. கிரிக்கெட் செய்தியால் 'குழாம்' எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பொருளும் அதில் தெளிவாக இருக்கிறது.

சமூக மென்பொருளைச் 'சமூக ஊடகம்' என்று மாற்றி எழுதுவதும் சரியல்ல. ஊடகம் என்றால் செய்தியைப் பரப்புவதுதான் முன்னுக்கு நிற்கும். சமூக மென்பொருளில் முன்னுக்கு நிற்பது சேர்ந்து செய்யும் வேலை.