கேலன் சிரை உருக்கோளாறு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வெயின் ஆஃப் கேலன் அனியூரிஸம்' என்று இருந்தால், அது ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீடு வந்து சேர்வதற்குள் 'குழந்தை மூளையில கட்டியாம்' என்று ஆகிவிடும். கட்டி இல்லை. மிக அரிதான பிறவி ரத்தக்குழாய்க் கோளாறு.

கேலன் என்பது ஆள் பெயர். இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமத்தில் பிறந்து, ரோமில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு வைத்தியம் பார்த்த 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர். மூளையின் நடுவில் உள்ள பெரிய சிரைக்கு (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், ஆங்கிலத்தில் வெயின்) அவர் பெயர். 'அனியூரிஸம்' கிரேக்கச் சொல். அகன்று விரிதல் என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், பெயரின் இரண்டு பாதியுமே பொருந்தவில்லை. விரிந்து நிற்பது கேலன் சிரையே அல்ல. கருவின் தொடக்க வாரங்களில் தோன்றி மறைந்துபோக வேண்டிய அதன் முன்னோடிச் சிரை. விரிவும் விளைவுதான். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனிக்கும் சிரைக்கும் இடையே இருக்க வேண்டிய தந்துகிகள் என்ற மெல்லிய குழாய்கள் அங்கே இல்லை. வேகம் தணியாத தமனி ரத்தம் நேரே உள்ளே பாய்வதால் சிரை பலூன் மாதிரி உப்புகிறது. அந்தக் கூடுதல் ரத்தத்தை இறைத்து இறைத்து இதயமும் களைத்துப்போகிறது.

ஆகவே 'சிரை வீக்கம்' என்று தமிழாக்குவது எனக்கு ஒப்பவில்லை. உலகமே கேலன் என்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மிச்சத்துக்கு 'சிரை உருக்கோளாறு' போதும். (இலங்கையில் சிரையை நாளம் என்பார்கள். நம்மூரில் நாளம் என்றால் எல்லா ரத்தக்குழாயும்தான்.)

அஞ்சாம் மாச ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. கடைசி மூன்று மாதங்களில்தான் மூளையின் நடுக்கோட்டில் கறுப்பாக ஒரு பை தென்படும். நீர்க்கட்டியும் அப்படித்தான் இருக்கும். சரி, எப்படிப் பிரிப்பது? ரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டால் நீர்க்கட்டிக்குள் எதுவும் ஓடாது. இதற்குள் நிறங்கள் சுழன்றடிக்கும். டாப்ளரும் ஆள் பெயர்தான். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தெரிவதை 1842இல் விளக்கிய ஆஸ்திரிய இயற்பியலாளர்.

வழக்கமான சிகிச்சை, பிறந்த பிறகு மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே செலுத்தி அந்தத் தவறான இணைப்புகளை அடைப்பது. 2023இல் பாஸ்டனில் கருப்பையில் இருக்கும்போதே அடைத்தார்கள். ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் வந்தால், குழந்தையின் இதய அளவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய அந்த வரி பெரிதும் உதவும்.