கல்கி பத்திரம் கேட்பாரா?

சென்னை தம்புச் செட்டித் தெருவில், பத்திரம் பார்க்கிற என் அலுவலகம். கொஞ்ச நாள் முன்பு பெரம்பூரிலிருந்து எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அப்புறம் தட்டச்சு செய்த நான்கு பக்க வரைவு. வீட்டை ஓர் அறக்கட்டளைக்குத் தானமாக எழுதப் போகிறார், வெள்ளிக்கிழமை பதிவு. அறக்கட்டளைத் தலைவர்தான் கல்கியாம், விஷ்ணுவின் பத்தாவது அவதாரம்.

"புத்தி சொல்ல வேணாம் தம்பி, பிழை மட்டும் பாத்துக் குடுங்க."

பார்த்தேன். தகப்பன் பெயர் இல்லாமல் எங்கள் தொழிலில் எந்தப் பத்திரமும் நகராது. தலைவருக்கும் போட்டிருந்தார்கள். "ஐயா, பாகவதம் வேற பேரு சொல்லுதே?" என்றேன்.

பன்னிரண்டாம் ஸ்கந்தம், இரண்டாம் அத்தியாயம். கிட்டத்தட்ட பத்திரம் மாதிரியே விவரம் இருக்கும். ஊர், சம்பல கிராமம். தகப்பனார், விஷ்ணுயசஸ். ஏறி வரும் குதிரை, தேவதத்தம். விஷ்ணு புராணமும் அதே ஊரை, அதே தகப்பனாரைத்தான் சொல்கிறது. வருவது கலியுகம் முடிகிற நேரத்தில்.

அந்த நேரம் எப்போது? கலி 1,200 தேவ வருஷம். ஒரு தேவ வருஷம் நமக்கு 360 வருஷம், பெருக்கினால் 4,32,000. கி.மு. 3102-இல் தொடங்கியது என்பது மரபுக் கணக்கு. வீட்டுப் பஞ்சாங்கத்தில் கலியப்தம், அதாவது கலி தொடங்கி எத்தனை வருஷம் என்று போட்டிருக்கும், 5,100 சொச்சம். மிச்சம் நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கும் மேல். கல்கி வந்துவிட்டார் என்பவர்கள் பலர் இந்தப் பெருக்கலைத்தான் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர் விடவில்லை. "சூரியன், சந்திரன், குரு மூணும் பூசத்துல சேரும்போது கலி போய்க் கிருத யுகம்னு இருக்கே?" இருக்கிறது, அதே அத்தியாயத்தில்தான். பூசம் இருப்பது கடக ராசியில். குரு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே வரும். ஆடி அமாவாசையில் சூரிய சந்திரரும் அங்கேதான். 2014 ஆடி அமாவாசையில் மூன்றும் பூசத்திலேயே சேர்ந்தன. மறுநாள் பெரம்பூரில் யுகம் மாறியதாக அவருக்கும் நினைவில்லை. சிரித்துவிட்டார்.

"அப்ப வரமாட்டார்ங்கிறீங்களா?"

"வருவார்னுதான் ஐயா இருக்கு. வீடு கேப்பார்னு இல்லை."

நம்பிக்கையில் நான் கை வைப்பதில்லை. திருக்கண்ணபுரத்துப் பாசுரத்தில் திருமங்கையாழ்வார், இனி வரப்போகிறவரையே "கற்கியும் ஆனான்" என்று நடந்து முடிந்ததாகப் பாடுகிறார். அந்த உரிமை பக்திக்கு உண்டு, பத்திரத்துக்குக் கிடையாது.

பதிவான தானத்தை, மனம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லித் திரும்பப் பெற முடியாது. 1882 சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 126. குரு, சாமியார் என்ற செல்வாக்கால் எழுதி வாங்கினார்கள் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போடலாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். போட்ட பிறகு வாய்தா, வாய்தா. அதுவரை எந்த வீட்டில் இருப்பது? கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களிடம் உயில் எழுதச் சொல்வேன். உயிரோடு, தெளிவோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். வீடும் கையில் இருக்கும். உடனே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்துகிறவருக்கு உயில் பிடிக்காது. அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பெரியவர் உயிலும் எழுதவில்லை. தாய்ப்பத்திரத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினார். வரைவு இன்னும் என் மேசையில் இருக்கிறது.