மாட்டின் வாயில் கை விடுமுன்

மாடு தீனி எடுக்கவில்லை, எச்சில் வடிக்கிறது, சோளத்தட்டு தொண்டையில் சிக்கியிருக்கும் போலிருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இப்படி அழைப்பு வந்தால், கால்நடை மருத்துவனாக நான் முதலில் கேட்பது, வாய்க்குள் யாராவது கையை விட்டீர்களா என்பதுதான். பெரும்பாலும் விட்டிருப்பார்கள், அதுவும் முழங்கை வரை.

வெறும் அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் வெறிநோய் (ரேபிஸ்) கண்ட மாடும் இப்படித்தான் நிற்கும். தொண்டைத் தசைகள் செயலிழந்து விழுங்க முடியாமல் போவதால் எச்சில் வழிகிறது. வைரஸ் இருப்பதும் அதில்தான். ‘வெறி’ என்றதும் பாய்ந்து முட்டும் என்று எதிர்பார்க்கிறோம். பல மாடுகள் முட்டுவதே இல்லை. குரல் கம்மி ஓயாமல் கத்தும், முக்கும், பக்கத்து மாட்டின் மேல் ஏறும். பருவத்துக்கு வந்துவிட்டது என்று சினை ஊசிக்கு ஆள் அனுப்புகிறவர்களும் உண்டு.

நாய் எதுவும் கடிக்கவில்லையே என்பார்கள். வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளைக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அதற்குள் காயம் ஆறி மயிர் முளைத்திருக்கும். அறிகுறி தெரிந்தபின் மருந்து கிடையாது. கடித்தது தெரிந்த அன்றே தொடங்கி 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் தடுப்பூசி போட்டால் காப்பாற்றலாம். தெருநாய்கள் பட்டியில் புகுந்தால் செத்த ஆடுகளை எண்ணி இழப்பீடு கேட்கிறோம், நியாயம்தான். கடிபட்டுப் பிழைத்த ஆடுகளுக்கு ஊசி போடச் சொல்லித்தான் ஆளைக் காணோம்.

இன்னொரு வேடிக்கை. மாடு வெறிநோயில் செத்தது என்றதும் அதன் பாலைக் காய்ச்சிக் குடித்த வீடெல்லாம் பதறும். வாயில் கைவிட்டவர் நிம்மதியாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நன்றாகக் காய்ச்சிய பாலால் நோய் பரவாது. சந்தேகம் வந்தபின் அந்த மாட்டைக் கறக்கவே வேண்டாம், அவ்வளவுதான். ஓட வேண்டியவர் கட்டிலில் இருப்பவர். தட்டு அறுத்த கீறலும் மாட்டுப்பல் பட்ட சிராய்ப்பும் இல்லாத விவசாயியின் கை ஏது?

சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய் கடித்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லித் திரும்பிவிடாதீர்கள். வெறிநோய் சந்தேகமுள்ள மாட்டின் எச்சில் கைக்காயத்தில் பட்டது என்று சொல்லுங்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படும்.