பழைய டோப்போ தாளை ஓரக் குறிப்பிலிருந்து படியுங்கள்

நான் கோவையில் நில அளவைத் தொழில் செய்கிறேன். நீலகிரியின் மேற்குப் பகுதியைக் காட்டும் பழைய டோப்போ தாள்களை, அதாவது நில அமைப்பு வரைபடங்களை, என்னிடம் கொண்டுவருவோரில் பலர், அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஏரிகள் அவற்றில் இல்லாததைக் கண்டு வரைபடமே தவறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவை குந்தா நீர்மின் திட்டத்துக்காக 1950, 1960களில் அணைகட்டித் தேக்கப்பட்ட நீர்நிலைகள். அதற்கு முந்தைய அளவையில் ஓடைகளும் புல்வெளிகளும் சோலைகளும்தான் இருக்க முடியும். சொல்லப்போனால், ஏரி இல்லாத அந்தத் தாளே நமக்குக் கிடைத்த பெரும் பேறு. இன்றைய செயற்கைக்கோள் படம் நீர்ப்பரப்போடு நின்றுவிட, அது மூழ்கிய பள்ளத்தாக்கின் வடிவத்தையே காட்டுகிறது. பவானி ஆற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் கொங்கு நாட்டார் அதன் தலைமடையை அறிய இதைவிட நல்ல சான்று அரிது.

நீலகிரி 1868இல்தான் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 1821இல் அளவை அதிகாரி பெஞ்சமின் வார்டு அம்மலையை அளந்த காலத்தில் சரிவுகளைக் கோட்டு நிழலால், அதாவது நெருக்கமான சிறு கோடுகளால், காட்டுவதே வழக்கம். உயரத்தை எண்ணால் சொல்லும் சமவுயரக் கோடுகள் பிற்காலத்தவை.

தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அளவை செய்த ஆண்டு. அச்சிட்ட ஆண்டு அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். அடுத்தது தீர்க்கரேகை. தாள்களுக்கு அடிப்படையான சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகை முன்பு சற்றுப் பிழையாகக் கொள்ளப்பட்டதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய தாள்களில் ஏறத்தாழ இரண்டரை நிமிட வேறுபாடு இருக்கிறது. நம் அட்சரேகையில் இது நான்கு கிலோமீட்டருக்கும் அதிகம். இது திருத்தப்பட்ட பிந்தைய தாள்களும் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவி வடிவக் கணக்கைச் சார்ந்தவை, ஜிபிஎஸ் வேறொன்றைச் சார்ந்தது என்பதால், கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு சில நூறு மீட்டர் விலகும். இதை மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டு, கரை நகர்ந்துவிட்டது, காடு ஆக்கிரமிக்கப்பட்டது என்று புகார் எழுதுவது அங்கே வாழும் மக்களுக்குப் பெருந்தீங்காக முடியும்.

வண்டல் படிவைக் கணக்கிட விரும்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது, நூறு அடி உயர இடைவெளியில் வரைந்த சமவுயரக் கோடுகள் பள்ளத்தாக்கின் போக்கைக் காட்டுமே தவிர, சில அடி வண்டலை அளக்க உதவா. அதற்கு அணை கட்டும் முன் எடுத்த பெரிய அளவுத் தளவரைபடம் வேண்டும்.

பழைய தாளையும் புதியதையும் ஒன்றோடொன்று பொருத்தும் புள்ளிகளாக ஏரிக்கரையையோ சாலை வளைவையோ எடுக்காதீர்கள். நீர்மட்டத்தோடு கரை மாறும், சாலையும் திருத்தப்பட்டிருக்கும். முக்குருத்தி, கோலாரிபெட்டா போன்ற சிகரங்களையும், தாளில் முக்கோணக் குறியிட்ட அளவை நிலையங்களையும் எடுத்து, சர்வே ஆஃப் இந்தியாவின் இன்றைய திறந்த வரிசைத் தாளோடு ஒப்பிட்ட பிறகே எல்லையைப் பற்றிப் பேசுங்கள்.