எண்டோமென்ட்: அறக்கட்டளையா, நிலைக்கொடையா?

ஒரு குடும்பம் ஊர் நூலகத்தையோ அருங்காட்சியகத்தையோ தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வருவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், 'எண்டோமென்ட்' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். அறக்கட்டளை, நன்கொடை, நிதியம் என்று கைக்கு வந்ததை எழுதிவிடுகிறோம். மூன்றுக்கும் பொருள் வேறு.

நன்கொடையை வாங்கியதும் செலவழிக்கலாம். எண்டோமென்ட்டில் முதல் தொகையைத் தொடக்கூடாது. அது ஈட்டும் வருவாயை மட்டும், கொடுத்தவர் சொன்ன பணிக்குச் செலவிட வேண்டும். நூலகக் கூரையை மாற்றப் பணம் கொடுத்தால் நன்கொடை. ஆண்டுதோறும் நூல் வாங்க வட்டி வரும்படி ஒரு தொகையைப் போட்டுவைத்தால் எண்டோமென்ட்.

சொல்லின் வேர் லத்தீன் 'தோஸ்'. பொருள்: மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'எண்டோ' என்ற வினையானது. 'டௌரி'யும் அதே வேரில் பிறந்ததுதான். புகுந்த வீட்டில் பெண்ணுக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பிய சொத்து, நிறுவனம் தன் காலில் நிற்பதற்கான சொத்தாகப் பொருள் விரிந்திருக்கிறது.

தமிழில் இந்த ஏற்பாடு புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடுகள் விடப்பட்டன. ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி வளரும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால்தான் சாகாத, மூப்படையாத ஆடு. முதல் கரையாமல் பலன் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. காசாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12.5, பொலிசை என்று அதே கோயில் கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. பொலிசை என்றால் வட்டி.

கோயில் வழக்கில் நிலைத்த இன்னொரு சொல் 'கட்டளை'. இன்ன நாளில் இன்ன பூசை நடக்க வேண்டும் என்று கொடுத்தவர் இட்ட ஆணை அது. பிறகு அதற்காக விட்ட சொத்துக்கும் அதுவே பெயரானது. அறக்கட்டளை அதன் வழிவந்தது. இன்று அச்சொல் சொத்தை நிர்வகிக்கும் அமைப்பையும் குறிக்கிறது, பல்கலைக்கழக 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' போன்ற இடங்களில் எண்டோமென்ட்டையும் குறிக்கிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அறக்கட்டளை பதிவாகிவிட்டது என்றவுடன் பணமும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கட்டளை இருந்து முதல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாட்னா குதா பக்ஷ் நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,400 சுவடிகளை விட்டுச்சென்ற தந்தை, இதைப் பொது நூலகமாக்கு என்று மகனிடம் சொல்லிச் சென்றார். மகன் சேகரிப்பைப் பெருக்கி 1891இல் பொதுமக்களுக்குத் திறந்தார். இன்று அதை நடத்துவது மைய அரசின் நிதி; 1969இல் நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டமே இயற்றியது. அந்தக் கை கிடைக்காத குடும்பச் சேகரிப்புகள் பட்டியல்கூடப் போடப்படாமல் பெட்டியிலேயே கிடக்கும். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி இதை முன்பே யோசித்தவர். நூலகக் கட்டடத்துக்குப் பணம் கொடுக்குமுன், ஊர் நிலம் தர வேண்டும், கொடுத்த தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்.

முதல் இருந்தாலும் கரையலாம். 100 ரூபாய் முதல் ஆண்டுக்கு 7 ரூபாய் ஈட்டுகிறது, விலைவாசி 4 விழுக்காடு ஏறுகிறது என்று வையுங்கள். செலவிடத் தக்கது 3 ரூபாய்தான். மீதி 4 முதலோடு சேர வேண்டும். ஏழு ரூபாயையும் செலவழித்தால் ஏட்டில் 100 அப்படியே இருக்கும், 18 ஆண்டில் அதன் வாங்கும் திறன் பாதியாகிவிடும். மந்தையில் தலை எண்ணிக்கை சரியாக இருந்து, ஆடுகள் மட்டும் பாதியாக மெலிந்த கதை.

கட்டளை இறுகிப்போனாலும் தொல்லைதான். பாஸ்டனில் 1903இல் திறந்த கார்ட்னர் அருங்காட்சியகத்தை நிறுவியவர், காட்சி வரிசையை மாற்றக்கூடாது என்று உயிலில் எழுதினார். 1990இல் 13 பொருள்கள் திருடுபோயின. வெற்றுப் படச் சட்டங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. படங்களை இடம் மாற்றத் தடை இருந்த பார்ன்ஸ் சேகரிப்போ, நீதிமன்றம் போய் 2004இல் அனுமதி பெற்று 2012இல்தான் பிலடெல்பியா நகருக்குள் வந்தது. ஆவணத்தில் 'இப்பணி இயலாதபோது, இதற்கு நெருங்கிய பணிக்கு' என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எனவே எண்டோமென்ட்டுக்கு 'நிலைக்கொடை' பொருத்தம். நிலைத்திருப்பதும் கொடுத்ததும் அச்சொல்லிலேயே இருக்கின்றன. தொடக்கூடாத தொகைக்கு 'முதல்' போதும், ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் கல்வெட்டுச் சொல்லான 'நிவந்தம்' இருக்கிறது, நிபந்தனைக்குக் 'கட்டளை', நிர்வாக அமைப்புக்கு மட்டும் 'அறக்கட்டளை'. பதிவேட்டில் 'இன்னார் குடும்ப நிலைக்கொடை, முதல் இவ்வளவு, ஆண்டு நிவந்தம் இவ்வளவு, கட்டளை: சுவடிப் பாதுகாப்பு' என்று எழுதினால், பத்தாண்டு கழித்துப் புரட்டும் நூலகருக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விளங்கும்.

ஆயுள் காப்பீட்டில் வரும் 'எண்டோமென்ட் பாலிசி' வேறு. அங்கே தவணை முடிந்ததும் முழுத்தொகையும் கைக்கு வந்துவிடும், ஆகவே அதை நிலைக்கொடை என்று பெயர்க்கக்கூடாது. 'முதிர்வுக் காப்பீடு' எனலாம்.